சைக்கிளுக்கு இடம் விட்டால் சிக்னலில் நெரிசல் கூடுமா?

பெங்களூரில் போக்குவரத்தைப் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. அல்சூரில் நான் காலையில் நிற்கும் கடையிலும் அந்தப் பேச்சு வாரத்துக்கு இரண்டு முறையாவது சைக்கிள் பாதையில் வந்து நிற்கும். "இருக்குற ரோட்டையே பிரிச்சுக் குடுத்துட்டா வண்டிங்க எங்க போகும்?" என்று ஒருவர் கேட்பார். "சைக்கிளுக்கு வழி விட்டாலே பாதி நெரிசல் போயிடும் அண்ணா" என்று இன்னொருவர் பதில் சொல்வார். 2020-இல், பெருந்தொற்றுக் காலத்தில், வெளிவட்டச் சாலையின் ஓரத்தில் கம்பங்கள் நட்டுத் தற்காலிகச் சைக்கிள் பாதை அமைத்தபோது இதே வாதம் நகரம் முழுவதும் நடந்தது.

இரு தரப்பும் சாலையின் அகலத்தை மட்டும் பார்த்துப் பேசுவதுதான் சிக்கல். நகரச் சாலையில் எத்தனை வண்டிகள் போக முடியும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது சிக்னல் சந்திப்பு. அங்கே அகலத்தோடு நேரமும் ஒரு சரக்கு. ஆகவே சைக்கிளுக்கான ஒரு வசதி போக்குவரத்தைப் பாதிக்குமா என்று அறிய, அது நிறுத்தக் கோட்டில் எத்தனை மீட்டரையும் பச்சை விளக்கில் எத்தனை நொடியையும் எடுத்துக்கொள்கிறது என்று கேட்க வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்தக் கேள்வியின் விளக்கம்தான்.

குடத்தின் கழுத்து

குடத்திலிருந்து தண்ணீரைக் கவிழ்க்கும்போது அது வெளியேறும் வேகத்தை முடிவு செய்வது குடத்தின் வயிறு அல்ல, கழுத்து. வயிற்றை இரண்டு விரற்கடை சுருக்கினாலும் தண்ணீர் அதே வேகத்தில்தான் விழும்.

சாலைக்குக் கழுத்து என்பது சந்திப்பு. நான்கு சாலைகள் கூடும் இடத்தில், 120 நொடிக்கு ஒரு முறை விளக்குகள் ஒரு வட்டம் வருகின்றன என்றும், ஒவ்வொரு சாலைக்கும் ஏறக்குறைய 30 நொடி கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு சாலையின் வண்டிகள் மணிக்கு 15 நிமிடம் மட்டுமே சந்திப்பைக் கடக்கின்றன. மீதி 45 நிமிடம் நின்றுகொண்டிருக்கின்றன. அதே சாலையின் நடுப்பகுதியில் விளக்கு இல்லை. அங்கே அகலத்தின் பெரும்பகுதி உபரி. நடுப்பகுதியில் ஓரமாக இரண்டு மீட்டரைச் சைக்கிளுக்குப் பிரித்தாலும் கழுத்தின் வழியே போகும் அளவு குறைவதில்லை என்பதற்கு இதுவே காரணம். அதே இரண்டு மீட்டரைச் சந்திப்பின் வாயில் எடுத்தால் கணக்கு வேறு.

ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். சிவப்பில் நிற்கும் வண்டிகளுக்கு நிற்க இடம் தேவை. சாலை குறுகினால் வரிசை நீளும். பெங்களூரில் பல சந்திப்புகள் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருப்பதால் நீண்ட வரிசையின் வால் முந்தைய சந்திப்புக்குள் நுழைந்து அதையும் அடைத்துவிடும். கழுத்து மாறாமலே நெரிசல் கூடும் வழி இது.

மாவு மில் சொல்லும் பாடம்

சந்திப்பில் நேரம் எப்படிச் செலவாகிறது என்பதற்கு மாவு மில்லைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மில்லில் கோதுமை அரைபட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்து ஒருவர் கேழ்வரகு கொண்டு வந்திருக்கிறார். உடனே கொட்டிவிட முடியாது. முதலில் உள்ளே இருக்கும் கோதுமை மாவு முழுதும் விழ வேண்டும், தட்டித் துடைக்க வேண்டும், பிறகு கேழ்வரகு இறங்கி முதல் மாவு வரச் சிறிது நேரம் ஆகும். அந்த இடைவெளியில் இயந்திரம் ஓடுகிறது, ஆனால் மாவு விழுவதில்லை. தானியத்தை அடிக்கடி மாற்றினால் நாள் முழுவதும் ஓடினாலும் மில் குறைவாகத்தான் அரைக்கும். ஒரே தானியத்தை நீண்ட நேரம் அரைத்தால் விரயம் குறையும், ஆனால் கேழ்வரகுக்காரர் திண்ணையில் அதிக நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சிக்னலும் இதேதான். பச்சை ஒரு சாலையிலிருந்து அடுத்த சாலைக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் சில நொடிகள் எவருக்கும் பயன்படாமல் போகின்றன: முன் வண்டி கிளம்பத் தாமதிக்கிறது, மஞ்சளின் கடைசியில் உள்ளே புகுந்தவை வெளியேறக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இதற்கு இழப்பு நேரம் என்று பெயர். ஒவ்வொரு தரப்புக்கும் பச்சை கிடைக்கும் தடவையை முறை என்று சொல்வோம். எல்லா முறைகளும் ஒரு தடவை முடிவது ஒரு சுற்று. (பொறியாளர்கள் இந்தச் சுற்றையும் சைக்கிள் என்றே அழைப்பார்கள், இந்தக் கட்டுரையில் சைக்கிள் என்றால் மிதிவண்டி மட்டும்தான்.)

பச்சை விழுந்து வரிசை நகரத் தொடங்கிய பிறகு வண்டிகள் ஒரு சீரான அளவில் கோட்டைக் கடக்கும். ஒரு தடத்தில் கார்கள் மட்டும் நின்றால் ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ஒன்று. தடையற்ற பச்சையில் மணிக்கு எத்தனை என்று இதைக் கணக்கிட்டுச் சொல்வதே செறிவோட்டம். தடத்துக்குச் சுமார் 1,800 கார்.

ஒரு சுற்றில் நான்கு முறைகள், முறைக்கு 4 நொடி இழப்பு என்றால் 120 நொடியில் 16 நொடி வீண். 104 நொடியே வேலை செய்கிறது. இப்போது சைக்கிள்களுக்கென்று 10 நொடிப் பச்சையும் 5 நொடி இழப்பும் கொண்ட ஐந்தாவது முறையைச் சேர்த்தால் மோட்டார் வண்டிகளுக்கு மிஞ்சுவது 89 நொடி. ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. சுற்றை நீட்டிச் சமாளிக்கலாம்தான். எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதற்கு 1958-இல் பிரிட்டனில் வெப்ஸ்டர் என்ற ஆய்வாளர் வகுத்த சூத்திரம் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. சந்திப்புக்கு வரும் வண்டிகள் அதன் முழுத் திறனில் முக்கால் பங்கு என்று வைத்து அதில் போட்டால், 16 நொடி இழப்புக்கு உகந்த சுற்று 116 நொடி. இழப்பு 21 நொடி ஆனால் 146 நொடி. ஐந்து நொடி இழப்பு, முப்பது நொடி நீட்சி! நீண்ட சுற்றில் சைக்கிள்காரர் உட்பட எல்லோரும் அதிக நேரம் காத்திருக்க வேண்டும். பாதசாரிகள் பொறுமையிழந்து சிவப்பில் நடக்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: சாலையின் நடுவே சைக்கிளுக்கு இடம் தருவது மலிவானது, நிறுத்தக் கோட்டில் தருவது விலை கூடியது, தனி முறை தருவது எல்லாவற்றையும்விட விலை கூடியது.

தடம் என்று ஒன்று இல்லாத ஊரில்

மேலே சொன்ன தடக் கணக்கு நம் சாலைகளுக்கு அப்படியே பொருந்தாது. அல்சூர் ஏரிப் பக்கத்துச் சிக்னலில் சிவப்பு விழுந்து முப்பது நொடி கழித்துப் பார்த்தால், கார்களுக்கு நடுவே இருக்கும் ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு ஸ்கூட்டர் இருக்கும், ஆட்டோவின் முன்சக்கரம் வரிக்குதிரைக் கோட்டின் மேல் இருக்கும், மூன்று தடம் என்று வரைந்த இடத்தில் ஐந்து வரிசை நிற்கும். அதனால் இந்தியாவில் செறிவோட்டத்தைத் தடத்துக்கு இவ்வளவு என்று சொல்லாமல் அகலத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் இவ்வளவு என்று கணக்கிடுவது வழக்கம். வெப்ஸ்டர் காலத்திலிருந்து புழங்கும் எண் மீட்டருக்கு மணிக்கு 525 கார் அலகு.

கார் அலகு என்பது பலவகை வண்டிகளை ஒரே தராசில் நிறுக்கும் படிக்கல். ஒரு கார் 1 என்றால், சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1990-இல் நகரச் சாலைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டியின்படி பேருந்து 2.2 முதல் 3.7, இருசக்கர மோட்டார் வண்டி 0.5 முதல் 0.75, சைக்கிள் 0.4 முதல் 0.5.

இனி டீக்கடைக் கேள்விக்கே ஒரு கணக்குப் போடலாம். சந்திப்பின் வாயில் 10.5 மீட்டர் அகலச் சாலை. அதில் 2 மீட்டரைச் சைக்கிளுக்குப் பிரிக்கிறோம். இழப்பது 1,050 கார் அலகு. ஆனால் பச்சை கால் பங்கு நேரம்தான் என்பதால் மணிக்கு உண்மையில் இழப்பது சுமார் 262. ஒரு சைக்கிள் 0.4 அலகு என்றால், ஏற்கெனவே கலந்து போய்க்கொண்டிருக்கும் சைக்கிள்களில் 656 அந்தப் பாதைக்குள் நகர்ந்தால் ஈடாகிவிடும். மணிக்கு 30 சுற்று. அதாவது ஒவ்வொரு பச்சைக்கும் 22 சைக்கிள். இரண்டு மீட்டரில் இருவர் இருவராகப் போனால் அத்தனை பேரும் முப்பது நொடிக்குள் கடந்துவிடலாம் என்பதால் இது கற்பனை எண் அல்ல.

பாதை வந்த பிறகு புதிதாக வருபவர்களையும், வண்டிகளுக்குப் பதிலாக ஆட்களையும் எண்ணினால் தேவை குறையும். காருக்குச் சராசரியாக ஒன்றரைப் பேர் என்று கொண்டால் 262 கார் என்பது 393 பேர். ஒரு பச்சைக்கு 13 புதிய சைக்கிள்காரர்கள் வந்தாலே அந்த வாய் முன்பைவிடக் குறைவான மனிதர்களைக் கடத்தவில்லை என்று ஆகும். புதிதாக வருபவர் காரை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர் என்றால் லாபம் இன்னும் பெரிது. ஸ்கூட்டரை விட்டு வந்தவர் என்றால் அலகுக் கணக்கில் கிடைப்பது அதைவிடக் குறைவு. சைக்கிள் ஆர்வலர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள் என்பது என் குறை.

ஆட்களை எண்ணிய ஊர் லண்டன். தேம்ஸ் கரையிலும் பிளாக்ஃபிரையர்ஸிலும் 2016-இல் திறந்த தனிச் சைக்கிள் பாதைகள், நெரிசல் வேளையில் சாலையின் 30 விழுக்காட்டு இடத்தில் 46 விழுக்காட்டு மக்களைக் கொண்டுசெல்கின்றன என்று அந்த நகரப் போக்குவரத்துத் துறை அறிவித்தது. அங்கே பாதை நிறைந்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். பாதை காலியாக இருந்தால் அதே கணக்கு எதிர்த்திசையில் ஓடும்.

நொடி கேட்காத வசதிகள்

சைக்கிள் வசதி என்றாலே தனிப் பாதை அல்லது தனிப் பச்சை என்று நினைத்துவிடுகிறோம். இடைப்பட்டவை சில உண்டு. அவற்றின் செலவு மிகக் குறைவு.

முதலாவது, முன் நிற்கும் கட்டம். மோட்டார் வண்டிகளின் நிறுத்தக் கோட்டை நான்கைந்து மீட்டர் பின்னால் வரைந்து, அதற்கும் வரிக்குதிரைக் கோட்டுக்கும் இடையில் சைக்கிள்கள் நிற்க இடம் விடுவது. பின்னால் தள்ளியதால் கார்கள் இழப்பது ஒரு நொடிக்கும் குறைவு, அதுவும் பச்சைக்கு ஒரு தடவை. மெதுவாகக் கிளம்பும் சைக்கிள்கள் முன்னால் நின்றால் எல்லோரையும் பிடித்துவைக்காதா என்பது நியாயமான ஐயம். எங்கள் சிக்னலில் தினமும் ஒரு சுக்கு காபிக்காரரைப் பார்க்கிறேன்: பின் கேரியரில் எவர்சில்வர் டிரம், கைப்பிடியில் காகிதக் கோப்பைகள் நிறைந்த பை. பச்சை விழுந்ததும் ஒரு காலைத் தரையில் ஊன்றி இரண்டு மூன்று தடவை உந்திய பிறகுதான் பெடலில் ஏறுகிறார். அவர் வரிசைக்கு நடுவில் நின்றால் அவருக்குப் பின்னால் இருக்கும் எல்லா வண்டிகளும் அந்த உந்தலுக்காகக் காத்திருக்கும். முன்னால், இடது ஓரமாக நின்றால் வலப்பக்கத்து வண்டிகள் அவரைத் தொடாமலே போய்விடும். சிதறி நிற்கும் பத்துச் சைக்கிள்களைவிடக் கூட்டமாக முன்னால் நிற்கும் பத்துச் சைக்கிள்கள் ஓட்டத்தைக் குறைவாகவே கெடுக்கும்.

இரண்டாவது, இரண்டு படித் திருப்பம். வலப்புறம் திரும்ப வேண்டிய சைக்கிள்காரர் இன்று என்ன செய்கிறார்? இடது ஓரத்திலிருந்து மூன்று வரிசை வண்டிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நடுவுக்கு வருகிறார். ஒவ்வொரு வரிசையிலும் யாரோ ஒருவர் பிரேக் போடுகிறார். அதற்குப் பதில் அவர் நேராகச் சந்திப்பைக் கடந்து, எதிர் மூலையில் குறுக்குச் சாலை வண்டிகளுக்கு முன்னால் வரைந்திருக்கும் சிறு கட்டத்தில் நின்று, அந்தச் சாலைக்குப் பச்சை விழும்போது அவர்களோடு நேராகப் போய்விடலாம். கோபன்ஹேகனில் சைக்கிள்கள் இப்படித்தான் திரும்புகின்றன. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் அது இடது திருப்பம். சிக்னலுக்கு ஒரு நொடிகூடக் கூடுதல் செலவில்லை, சில சதுர மீட்டர் பெயிண்ட் போதும். கூடுதலாகக் காத்திருப்பது சைக்கிள்காரர் மட்டுமே.

மூன்றாவது, முன்தொடக்கம். இது இடது திருப்பத்தின் சிக்கலுக்கு மருந்து. இடது ஓரமாக நேரே போகும் சைக்கிளும் அதன் வலப்பக்கத்திலிருந்து இடது திரும்பும் காரும் ஒரே பச்சையில் கிளம்பினால் இரண்டின் வழியும் வெட்டிக்கொள்ளும். உயிர்ச்சேதம் நேரும் இடம் இது. கார் ஒழுங்காக நின்று வழிவிட்டாலும், அது நிற்கும் ஐந்து நொடியில் பின்னால் இருக்கும் இரண்டு மூன்று வண்டிகள் தம் வாய்ப்பை இழக்கின்றன. சைக்கிளுக்கு மட்டும் நான்கைந்து நொடி முன்னதாகப் பச்சை கொடுத்தால், கார் திரும்பும் முனையை அடைவதற்குள் கூட்டம் கடந்துவிடும். அந்த நொடிகள் அந்தச் சாலையின் பச்சையிலிருந்தே போகின்றன என்றாலும், தனி முறையின் பதினைந்து நொடியோடு ஒப்பிட்டால் அது சில்லறை. ஆனால் எப்போதும் இடது திரும்பலாம் என்று பலகை வைத்திருக்கும் முனைகளில் முன்தொடக்கத்தால் பயனில்லை. அங்கே வண்டிகள் திரும்பிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பகுதியின் சுருக்கம்: பெயிண்டால் ஆகும் வசதிகள் பெரும்பாலும் ஓட்டத்தைக் குறைப்பதில்லை, சில இடங்களில் வண்டிகள் குறுக்கே வெட்டுவதைத் தவிர்த்து ஓட்டத்தைச் சீராக்குகின்றன.

கடைசியில் நுழைந்தவர் வெளியேறும் வரை

பேச்சில் அடிபடாத ஒரு செலவு உண்டு. சந்திப்பின் குறுக்களவு 24 மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் கார் அதை இரண்டரை நொடியில் கடக்கும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் சைக்கிளுக்கு ஏறக்குறைய ஆறு நொடி ஆகும். பச்சையின் கடைசி நொடியில் நுழைந்த சைக்கிள்காரர், 3 நொடி மஞ்சளும் 2 நொடி முழுச்சிவப்பும் (எல்லாத் திசையிலும் சிவப்பு எரியும் நேரம்) முடிந்த பிறகும் சந்திப்புக்கு உள்ளேயே இருப்பார். அந்த நேரம் பார்த்துக் குறுக்குச் சாலை ஸ்கூட்டர்கள் பாயும்.

பாதுகாப்புக்காக முழுச்சிவப்பை ஒவ்வொரு முறைக்கும் 2 நொடி நீட்டினால் நான்கு முறைக்கு 8 நொடி. சுற்றில் 7 விழுக்காடு. அதே பாதுகாப்பை மலிவாகப் பெற வழி இருக்கிறது. சைக்கிளுக்குத் தனி விளக்கு வைத்து அதை மட்டும் இரண்டு நொடி முன்னதாகச் சிவப்பாக்கினால் மோட்டார் வண்டிகளுக்கு எந்த இழப்பும் இல்லை. 

எங்கள் முனையில்

இந்தக் கணக்குகளைப் பெங்களூரில் கவிழ்க்கும் பொருள் ஒன்று உண்டு, அது ஸ்கூட்டர். முன் நிற்கும் கட்டத்தை வரைந்தால் முதலில் நிரப்புவது அதுதான். சைக்கிள் பாதையின் வாயில் கம்பம் இல்லாவிட்டால் அதற்குள்ளும் அதுதான் முதலில் நுழையும். ஓட்டத்தின் கண்ணோட்டத்தில் இது பெரிய கேடு என்று சொல்ல முடியாது: ஸ்கூட்டர்கள் சட்டென்று கிளம்புவதால் பச்சையின் முதல் நொடிகள் வீணாவதில்லை. ஆனால் அப்போது கட்டம் சைக்கிளுக்கான வசதி என்ற பெயரை இழந்துவிடுகிறது. சுக்கு காபிக்காரர் மறுபடியும் நான்காவது வரிசையில், ஒரு பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் கால் ஊன்றி நிற்கிறார்.

போன வாரம் ஒரு காலை ஏழரை மணிக்கு, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பச்சைக்கு எத்தனை சைக்கிள் கோட்டைத் தாண்டுகிறது என்று எண்ணினேன். இரவுக் காவல் முடித்துத் திரும்பும் இருவர், பால் பாக்கெட் போடும் பையன், தலைக்கவசமும் கண்ணாடியும் அணிந்து ஏரியைச் சுற்ற வந்த ஒருவர் என்று, ஒரு பச்சைக்கு மூன்று அல்லது நான்கு. பதிமூன்று அல்ல, இருபத்திரண்டுக்கு வெகு தூரம். இந்த வாயில் இரண்டு மீட்டரை எடுத்தால் இன்றைக்கு அது இழப்புதான். அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அந்த நாலு பேரில் இருவர் வலப்பக்கம் திரும்ப வேண்டியவர்கள். மூலையில் மின்பெட்டிக்கு முன்னால், எந்த வண்டியும் நிற்காத ஒரு வெற்றிடம் இருக்கிறது. மூன்று சைக்கிள்கள் தாராளமாக நிற்கும்.